இரும்புக்கை மாயாவி எந்த ஊர்க்காரர்?



பழைய முத்து காமிக்ஸ் சிலவற்றை இந்த வாரம் மறுபடியும் வாசித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை!

மாயாவியை உள்ளூர்க்காரர் என்றே நம்மில் பலர் நினைத்திருந்தோம். அவர் 1962-இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் பிறந்தவர். பெயர் லூயிஸ் கிராண்டல். வரைந்தவரோ ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். பத்து ஆண்டு கழித்து, 1972-இல், சிவகாசியில் முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே தமிழ் பேசத் தொடங்கினார்.

ஆரம்பக் கதையில் அவர் நல்லவரே இல்லை. கிடைத்த சக்தியைக் குற்றம் செய்யத்தான் பயன்படுத்துகிறார். துப்பறிவதெல்லாம் பிற்பாடு. எனக்கென்னவோ அந்தப் பொல்லாத கிராண்டலைத்தான் அதிகம் பிடிக்கிறது. பிளாஸ்கோவின் கறுப்பு நிழல்கள் அவனுக்குத்தான் பொருந்துகின்றன. பிந்தைய உளவுக் கதைகளில் அந்தப் பயம் இல்லை.

ஆங்கிலத் தலைப்பை அப்படியே பெயர்த்திருந்தால் 'எஃகு நகம்' என்று வந்திருக்கும். யார் வாங்கியிருப்பார்கள்? வாலியோடு குகைக்குள் போரிட்ட அசுரனின் பெயரும் மாயாவிதான். இராமாயணம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயர் சட்டென்று ஒட்டிக்கொண்டது.

பாடப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித் தடுமாறிய பையன்கள், இந்தக் கட்டங்களை ஒரே மூச்சில் வாசித்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். காமிக்ஸ் படித்தால் படிப்பு கெடும் என்பவர்களோடு எனக்கு இன்றும் சண்டைதான்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய இதழ்கள் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.