காலியிடம் என்பது எது? சிவகாசிப் புறநகர் விரிவாக்கத்தில் பூங்காவும் பாதையும் சாலையும்

திருத்தங்கல் நகராட்சியைத் தன்னோடு இணைத்துக்கொண்டு சிவகாசி 2021-ல் மாநகராட்சி ஆனது. நகரின் எல்லையை ஒட்டிய ஊராட்சிகளில் மானாவாரிப் புஞ்சைகள் மனைகளாகி வருகின்றன. கரிசல்காரர்கள் ‘காடு’ என்று சொல்லும் அந்த நிலத்தை மனைப்பிரிவு வரைபடம் ‘காலி’ என்று குறிக்கிறது. இந்த ஒரு சொல்லில்தான் பிழை தொடங்குகிறது என்பது என் வாதம். சிவகாசி போன்ற பட்டாசு வட்டாரத்தில் ஆலையைச் சுற்றிக் கிடக்கும் வெற்று நிலம் பயனற்றுக் கிடப்பதில்லை. வெடிப்பு நேர்ந்தால் அதன் வேகம் தணிய வேண்டிய இடம் அதுதான்.

வெடிபொருள் விதிகள், 2008 இதை நன்கு உணர்ந்தவை. வெடிமருந்து கையாளும் அறைக்கும் குடியிருப்பு, பள்ளி, பொதுச்சாலை ஆகியவற்றுக்கும் இடையே இவ்வளவு தூரம் வேண்டும் என்று அவை வரையறுக்கின்றன. கையிருப்பு கூடக் கூட, தூரமும் கூடும். ஆனால் அந்த நிபந்தனை முதன்மையாக உரிமம் பெற்ற ஆலைக்காரரைத்தான் கட்டும். வேலிக்கு அப்பால் புஞ்சை வைத்திருப்பவர் அதை மனைகளாகப் பிரிக்கும்போது அவருடைய விண்ணப்பம் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் உள்ளாட்சிக்கும் போகிறது. ஆலையின் கோப்போ ‘நாக்பூர் உரிமம்’ எனப்படும் பெரிய உரிமமானால் வெடிபொருள் துறையிடமும், சிறிய உரிமமானால் மாவட்ட நிர்வாகத்திடமும் இருக்கிறது. இரண்டு கோப்புகளும் ஒரே வரைபடத்தின்மேல் விரிக்கப்படாதவரை, ஊர் ஆலையை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும்.

நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் நடந்தது இதுதான். அங்கிருந்த பட்டாசுக் கிடங்கு 1970-களில் ஊருக்கு வெளியே அமைந்தது. பின்னர் வீடுகள் அதைச் சூழ்ந்தன. 2000 மே 13 அன்று கிடங்கு வெடித்ததில் 23 பேர் இறந்தனர். சுமார் 400 வீடுகள் அழிந்தன. ரோம்பேக் என்ற அந்தப் பகுதியை, அங்கு வாழ்ந்தவர்களிடமே கேட்டுக் கேட்டு மறுபடி கட்டினார்கள். மண்ணுக்கடியில் மறைந்திருந்த ஓடையைத் தெருவழியே மீண்டும் ஓடவிட்டார்கள். அந்த மறுகட்டுமானம் பாராட்டுக்குரியது. ஆனால் அந்த வரைபடத்தை 23 சாவுகளுக்கு முன்பே வரைந்திருக்கலாம். சிவகாசிக்கு அந்த வாய்ப்பு இன்னும் இருக்கிறது.

பூங்காவை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக எஞ்சும் பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான மனைப்பிரிவில் இடம் ஒதுக்க இயலாவிட்டால் பணமாகவும் கட்டலாம். இதனால் கிடைக்கும் பூங்கா எப்படி இருக்கிறது என்பதைத் திருத்தங்கலுக்கு வெளியே ஒரு மனைப்பிரிவில் பார்த்தேன். மனையாக விற்க முடியாத முக்கோணத் துண்டு. நான்கு மூலைகளில் மஞ்சள் பூசிய கல். ‘பூங்கா’ என்ற பலகையை மறைத்துச் சீமைக்கருவேல் மண்டியிருந்தது. பக்கத்து மனைப்பிரிவின் பூங்காத் துண்டு முந்நூறு அடி தள்ளி, இடையில் சுவர். விதி பரப்பை அளக்கிறது, இருப்பிடத்தைக் கேட்பதில்லை. இத்தனை துண்டுகளையும் ஓடைக்கரையிலோ கண்மாய்க்கரையிலோ அடுத்தடுத்து ஒதுக்கச் செய்திருந்தால், ஊருக்கே ஒரு நீண்ட சோலை கிடைத்திருக்கும்.

அப்படியானால் ஆலையைச் சுற்றிய பாதுகாப்புத் தூரத்தையே பூங்காவாக்கலாமே என்று கேட்கப்படுகிறது. இதை நான் திட்டவட்டமாக மறுக்கிறேன். பூங்கா மக்களைக் கூட்டும் இடம். விடுமுறை நாளில் குழந்தைகள் நிறையும் இடம். பாதுகாப்புத் தூரம் ஆளில்லாமல் இருக்க வேண்டிய நிலம். அங்கே கம்பும் சோளமும் விளையட்டும். ஆனால் ஊர் நலனுக்காக அந்தப் புஞ்சைக்காரர் மட்டும் மனை விலையை இழப்பது நியாயமில்லை. சாலைக்கு நிலம் கொடுப்போருக்கான வளர்ச்சி உரிமை மாற்றத்தை, அதாவது இழந்த கட்டட உரிமையை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ விடும் ஏற்பாட்டை, இவருக்கும் விரிவாக்க வேண்டும். இதைச் செய்யாமல் வரைபடத்தில் வட்டம் மட்டும் போட்டால், அந்த வட்டம் ஓராண்டுகூடத் தாங்காது.

சாலைக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் நாற்பது பேரளவில் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். முதலில் எழுந்த புகையைக் கண்டு, உதவவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றூர்க்காரர்கள். ஆகவே இங்கே சாலை வேகமாகப் போய்ச் சேருவதற்கு மட்டுமானது அன்று. கூட்டத்தைத் தொலைவிலேயே நிறுத்தவும் அது பயன்பட வேண்டும். தீயணைப்பு வண்டி நுழையும் வழியும் ஆட்கள் வெளியேறும் வழியும் வெவ்வேறாக இருக்க வேண்டும். இன்று பல ஆலைகளுக்கு இருப்பது ஒரே வண்டிப்பாதை. வேன் ஒன்று எதிரே வந்தால் மற்றது வரப்போரம் இறங்கி நிற்கிறது. நெடுநாளாகப் பேசப்பட்ட சிவகாசிச் சுற்றுச்சாலை இந்த நெரிசலைக் குறைக்கும்தான். ஆனால் புதுச்சாலை போகும் இடமெல்லாம் மனைக்கற்களும் பின்னாலேயே வரும். சாலைக்குத் திட்டமிடும்போதே அதன் இருபுறமும் எங்கே வீடு வரலாம், எங்கே வரக்கூடாது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும்.

நடைபாதையைப் பற்றி யாருமே பேசுவதில்லை. விடியற்காலையில் தூக்குவாளியோடு பெண்கள் ‘பயர் ஆபீஸ்’ (பட்டாசு ஆலை) வேனைப் பிடிக்கச் சாலை விலக்குக்கு நடந்து வருகிறார்கள். காட்டின் குறுக்கே அவர்கள் காலடியில் உண்டான ஒற்றையடிப்பாதைகள் எந்த வரைபடத்திலும் இல்லை. மழை பெய்தால் கரிசல் களியாகி ஒட்டிக்கொள்ள, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். மனைப்பிரிவு வந்ததும் அந்தப் பாதையின்மேல் சுற்றுச்சுவர் எழும்புகிறது. அவர்கள் தார்ச்சாலை ஓரமாக, லாரிகளுக்கு நடுவே சுற்றிப் போகிறார்கள். நில அளவையர் சங்கிலியோடு வருவதற்கு முன்பு ஒரு வாரம் காலை ஐந்தரை மணிக்கு அந்த விலக்குகளில் நின்று, யார் எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள் என்று குறித்துக்கொண்டால் போதும். பாதைகளின் முதல் வரைபடம் அதிலேயே கிடைத்துவிடும்.