தார் சுற்றியவரும் தறியில் நின்றவரும்: இரு போர்களுக்கு இடைப்பட்ட பம்பாய்

தறியில் அமர்ந்து துணி நெய்பவரை நெசவாளி என அழைக்கிறோம். அவருக்குத் தார் சுற்றிக் கொடுத்து, பாவைச் செப்பனிட்டு, அறுந்த இழையை முடிந்து தருபவருக்குத் தனித்ததொரு தொழிற்பெயர் பெரும்பாலும் வழங்குவதில்லை. அப்பணி வீட்டுவேலையோடு வேலையாகக் கரைந்துவிடுகிறது. ஆனால் அதே தார் சுற்றும் வேலை ஆலைக்குள் நுழைந்தபோது அதற்குக் கூலி வந்தது; தொழிலாளர் கணக்கில் இடமும் வந்தது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்தியே முதல் உலகப் போர் முடிந்த 1918க்கும் அடுத்த போர் தொடங்கிய 1939க்கும் இடைப்பட்ட பம்பாய் நகரத்தின் தொழில் வாழ்வை இங்கு நோக்க முற்படுகிறோம்.

பம்பாயின் முதல் பஞ்சாலைக்குக் காவஸ்ஜி தாவர் 1854இல் வித்திட்டார். 1920களில் நகரில் ஏறத்தாழ எண்பது ஆலைகள் இருந்தன. அவற்றில் உழைத்தோர் ஒன்றரை இலட்சம் அளவினர். பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா ஆகிய பகுதிகள் சேர்ந்து ‘கிரண்காவ்’, அதாவது ஆலையூர், எனப் பெயர் பெற்றன. 1921ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நகர மக்கள் பதினொன்றே முக்கால் இலட்சம் பேர். அவர்களுள் பெண்கள் ஆண்களில் ஏறக்குறையப் பாதியளவே என்பது கருதத்தக்கது. இரத்தினகிரி முதலிய கொங்கண மாவட்டங்களிலிருந்து வந்த ஆண்கள், மனைவியரை ஊரில் நிலத்தோடு விட்டுவிட்டு நகரில் கூலிக்கு நின்றனர். நகரம் கொடுத்த கூலி குடும்பத்தை வைத்துக் காக்கப் போதாதபோது, எஞ்சிய பங்கை ஊரிலிருந்த பெண்களின் உழைப்பே ஈடுசெய்தது. ஆலைக் கணக்கேடு எதிலும் இப்பெண்கள் இல்லை.

ஆலைக்குள் இருந்த பெண்கள் மொத்தத் தொழிலாளரில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினர். இவர்கள் எல்லாப் பிரிவுகளிலும் பரவியிருக்கவில்லை. நூலைக் கண்டுகளில் சுற்றும் வைண்டிங், சிட்டமாக்கும் ரீலிங் ஆகிய இரு பிரிவுகளிலேயே பெரும்பாலும் அடைபட்டிருந்தனர். கழிவுப் பஞ்சு பொறுக்கும் வேலையும் அவர்களுடையதே. பெண்களை மேற்பார்க்க ‘நாய்கீண்’ எனப்பட்ட பெண் மேஸ்திரிகள் இருந்தனர். வேலை கேட்டு வந்தவரிடமும், வேலையில் நிலைக்க விரும்பியவரிடமும் மேஸ்திரிகள் கையூட்டுப் பெற்ற வழக்கத்தை 1931இல் வெளியான அரச தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கை கடுமையாகவே எடுத்துரைக்கிறது. பெண்ணின் வரவு பொதுவாக ஆணின் வரவில் பாதியை ஒட்டியே நின்றது. மெல்லிய விரல்கள் நுண்ணிய வேலைக்குப் பொருந்தும் என்ற விளக்கம் ஆலைமுதலாளிகளால் அடிக்கடி கூறப்பட்டது. அவ்விளக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. விரலின் நுண்மைதான் அளவுகோல் என்றால், நுண்மை மிகவும் வேண்டப்படும் தறியில் பெண்கள் ஏன் நிற்கவில்லை?

பிற தொழில்களில் நிலைமை வேறுவேறாய் இருந்தது. துறைமுகமும் இரயில்வே பட்டறைகளும் ஏறத்தாழ முற்றிலும் ஆண்களின் இடங்கள். நகராட்சியின் துப்புரவுப் பணியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே உழைத்தனர். கட்டடப் பணியில் பெண்கள் சுமை தூக்கினர். பீடி சுற்றுவது வீட்டுத் திண்ணை வேலையாயிற்று. தனித்து வாழ்ந்த ஆலையாண்களுக்குத் தம் ஒற்றை அறையிலேயே மாதக் கணக்கில் சோறு சமைத்துப் போட்ட ‘கானாவள்’ நடத்திய பெண்களை இவ்விடத்தில் மறத்தல் ஆகாது.

நெசவுப் பிரிவுக்கு வருவோம். ஆலையில் உயர்ந்த வருவாய் தந்த பிரிவுகளுள் இது ஒன்று. மராத்தியருடன் ஐக்கிய மாகாணத்திலிருந்து வந்த முஸ்லிம் நெசவாளரும் இங்கு மிகுந்திருந்தனர். பரம்பரையாகக் கைத்தறி நெய்தவர்கள் இவர்கள். ஜுலாஹா என்ற பெயர் இழிவுப் பொருளில் ஆளப்பட்டமையால் மோமின் என்றும் அன்சாரி என்றும் தம்மை அழைத்துக்கொண்டனர். ஆலைத் துணியின் போட்டியால் கைத்தறி நலிந்தபோது, அதே ஆலைகளை நோக்கி வந்து மதன்புராவில் குடியேறினர். ஆசம்கட், மௌ முதலிய ஊர்களில் இவர்களுடைய வீட்டுப் பெண்களே தார் சுற்றிப் பாவு ஆயத்தம் செய்தவர்கள். தறியை விட்டு ஆண் பம்பாய்க்குப் பெயர்ந்ததும், அவ்வீட்டின் கூட்டுத்தொழில் இரண்டாகப் பிளந்தது. ஆணின் திறமை ஆலையில் விலைபோயிற்று. பெண்ணின் திறமைக்கு விலை கேட்பார் இல்லை. ஆலையின் வைண்டிங் பிரிவில் முஸ்லிம் பெண்கள் அரிதாகவே காணப்பட்டனர். அங்கு அவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் மராத்திய இந்துப் பெண்கள். இதைப் பர்தா ஒன்றாலேயே விளக்கிவிடுவது எளிது. ஆனால் ஆண் மட்டும் பெயர்ந்து வாழ நேர்ந்த நிலைமையையும், ஒற்றையறை வாழ்க்கையையும் சேர்த்தே அதனை எண்ண வேண்டும்.

நெசவுப் பிரிவின் கதவு வேறொரு சாராருக்கும் அடைபட்டிருந்தது. தார் தீர்ந்தபோது நாடாவின் துளைவழியே நூலை வாயால் உறிஞ்சி இழுப்பது அக்கால வழக்கம். தீண்டத்தகாதவர் எனப்பட்டோரின் வாய் பட்ட நாடாவைத் தொடுவதா என்ற காரணத்தைக் காட்டி அவர்களை அப்பிரிவிலிருந்து விலக்கி வைத்தனர். குறைந்த கூலி தந்த நூற்புப் பிரிவிலேயே அவர்கள் நின்றனர். 1928ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இவ்விலக்கை முன்னிறுத்தித் தொழிற்சங்கத் தலைவர்களைக் கேள்வி கேட்டார். அக்கதவு அடைபட்டிருந்ததன் பயன் நெசவில் நின்ற மராத்தியருக்கும் முஸ்லிம்களுக்கும் சேர்ந்தே கிடைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தாயாகிய தொழிலாளியின் நிலை 1920களின் தொடக்கத்திலேயே அரசின் கவனத்திற்கு வந்தது. பம்பாய் அரசு அமர்த்திய மருத்துவர் பார்ன்ஸ் அம்மையார் ஆலைப் பெண்களின் பேறுகாலத்தை ஆராய்ந்தார். தாய் ஆலைக்குச் செல்லும் நேரமெல்லாம் குழந்தை உறங்கிக் கிடக்க அபின் கலந்த ‘பாலகோலி’ உருண்டை கொடுக்கும் வழக்கம் மிகப் பரவியிருந்ததை அவருடைய ஆய்வு வெளிப்படுத்தியது. 1921இல் நகரின் சிசு மரணக் கணக்கு ஆயிரத்துக்கு அறுநூறையும் கடந்தது. ஊரில் பிறந்து நகரில் இறந்த குழந்தைகளும் இக்கணக்கில் சேர்வதால் எண் சற்று மிகைப்பட்டது எனலாம். அதைக் கழித்தாலும் எஞ்சுவது கொடுமையே.

என். எம். ஜோஷி 1924இல் மத்திய சட்டசபையில் கொணர்ந்த பேறுகால உதவி மசோதா நிறைவேறவில்லை. பம்பாய்ச் சட்டமன்றத்தில் அசவலே அம்முயற்சியை மீண்டும் எடுத்தார். தாயின் உழைப்பால் முதலாளி பயன்பெறுவதால், அவள் ஓய்வின் சுமையில் ஒரு பங்கை அவரும் ஏற்பதே முறை என 1928இல் அம்பேத்கர் அம்மன்றத்தில் வாதிட்டார். 1929இல் சட்டம் வந்தது. நாட்டில் இவ்வகையில் அதுவே முதலாவது. சென்னை மாகாணம் 1934இல் அதனைப் பின்பற்றியது. நாளொன்றுக்கு எட்டணா வீதம் சில வாரங்களுக்கு முதலாளி தரவேண்டும் என்பது அதன் சாரம். சுமை பெரிதன்று. எனினும் மகப்பேற்றுப் பருவம் கடந்தவர்களையும் கைம்பெண்களையும் தேடி அமர்த்தும் போக்கு தோன்றியதாக முறையீடுகள் எழுந்தன.

சட்டமே பெண்களை வெளியேற்றியது என்று பின்னாளில் சிலர் எழுதினர். நாம் அவ்வாறு கருதவில்லை. பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்று 1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு விதித்ததை இந்தியா ஏற்று, 1922ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்தது. அப்போது ஆலைகள் பெரும்பாலும் பகலிலேயே ஓடியதால் அதன் தாக்கம் தெரியவில்லை. 1930களில், ஜப்பானியத் துணியின் போட்டிக்கும் மந்த நிலைக்கும் ஈடுகொடுக்க முதலாளிகள் இரவுப் பாளியைப் பெருக்கியபோதுதான் பெண்ணின்றி ஓடும் ஆலை இயல்பான ஒன்றாயிற்று. அதனோடு ‘சீரமைப்பு’ என்ற பெயரில் ஆட்குறைப்பும் வந்தது. ஒருவருக்கு இரண்டு தறி என்றிருந்ததை மூன்றாக்கும் திட்டமே 1928இல் ஒன்றரை இலட்சம் பேரை ஆறு மாதம் தெருவில் நிறுத்திய காரணங்களுள் ஒன்று. வேகமான வைண்டிங் பொறிகள் வந்தபோது முதலில் வேலை இழந்தவர்கள் பெண்களே. உஷாபாய் டாங்கே போன்றோர் அவர்களைத் திரட்டினர். வேலைநிறுத்தங்களில் பெண்கள் முன்னின்றனர். ஆயினும் சங்கப் பேச்சுவார்த்தைகளில் நெசவாளியின் கோரிக்கைக்கு இருந்த எடை கண்டு சுற்றுபவளின் கோரிக்கைக்கு இருந்ததில்லை.

ஆலைகளில் பெண்களின் பங்கு அதன்பின் தொடர்ந்து சுருங்கிற்று. வெளியேறியவர்களில் பலருக்கு எஞ்சியது கணக்கில் வராத வேலைகளே. கானாவள் அடுப்பும் அவற்றுள் ஒன்று. வேலைநிறுத்த மாதங்களில் கடனுக்குச் சோறு போட்டு ஆலையாண்களைத் தாங்கியவர்கள் அப்பெண்களே. அவர்களைத் தொழில் செய்வோர் என ஏற்று வங்கிக் கடன் கிடைக்கச் செய்ய ஓர் அமைப்பு, பிரேமா புராவ் அம்மையாரின் முயற்சியால் ‘அன்னபூர்ணா மகிளா மண்டல்’ என்ற பெயரில், 1975இல்தான் தோன்றியது.