தோட்டப் பெண்களின் கூலி (கோலா கிளாவாங்)

நெகிரி செம்பிலானில் ஜெலெபு மாவட்டத்தின் தலைமையூர் கோலா கிளாவாங். இவ்வட்டார ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய பெண்களின் வறுமை, விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று உழைத்தவர்களின் வறுமை. வேலை இருந்ததாலேயே அது கண்ணில் படவில்லை. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட தரக்கூலி, நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கத்தியும் பால் ஏந்தும் மங்கும் தோளை அழுத்தும் காண்டா வாளியும் இருவருக்கும் ஒன்றுதான்.

பின்னாளில் எடைக்கேற்ற கூலி வந்து பாகுபாடு தீர்ந்தது என்பர். இது பாதி உண்மை. விகிதம் சமமானாலும், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு தன் மரவரிசையான நிரைக்கு ஓடுபவளின் நேரம் சமமாகவில்லை. கணவனின் நிரையில், மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கிய மனைவியின் உழைப்பு அவன் பெயரிலேயே ஏறியது. மழை பெய்தால் மங்கில் தண்ணீர்தான், எடைக்கூலியும் இல்லை. தோட்டம் தரும் லயத்து வீடு இலவசம்தானே என்றும் கேட்பார்கள். வேலையோடு பறிபோகும் வீட்டை ஊதியத்தில் சேர்ப்பது நியாயமில்லை.

மலேசியாவின் வறுமைக்கோடோ குடும்பத்தின் மொத்த வருமானத்தை அளக்கிறது. அதற்குள் பெண்ணின் பங்கு தெரிவதில்லை. அந்தக் கோடும் நெடுங்காலம் தாழ்ந்தே கிடந்தது. மாதம் 980 வெள்ளியாக இருந்ததை 2020இல் 2,208 வெள்ளியாகத் திருத்தியபின், 2016இல் 0.4 விழுக்காடு எனப்பட்ட நாட்டின் வறுமை, 2019ஆம் ஆண்டுக்கு 5.6 விழுக்காடு எனத் தெரியவந்தது. தீபகற்பத்தில் 900 வெள்ளி குறைந்தபட்ச ஊதியம் நடப்புக்கு வந்ததே 2013இல்தான். அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்கள் சீவி முடித்து ஓய்ந்திருந்தனர்.