லுத்தர் எழுதாத தொட்டிற்பாட்டு

கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கான பாட்டுப் பயிற்சி ஒன்றில், ஞாயிறு பள்ளிச் சிறுமி ஒருத்தி நம்மை நோக்கி, "ஐயா, இயேசு பாலகன் அழவே மாட்டாரா?" என்று வினவினாள். அப்போது பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தது 'அவே இன் எ மேஞ்சர்' என்னும் ஆங்கிலப் பாட்டு. மாடுகளின் குரல் கேட்டுப் பாலகன் விழித்தெழுந்தும் அழவில்லை என்று அது கூறுகிறது. எளிமையும் இனிமையும் வாய்ந்த இப்பாட்டின் கீழ் மார்ட்டின் லுத்தரின் பெயர் பல நூல்களில் அச்சிடப்பட்டு வந்தது. 'லுத்தரின் தொட்டிற்பாட்டு' என்று இதனை அழைத்தோரும் உளர். இப்பெயர் இதற்கு வாய்த்த வரலாற்றையும், லுத்தர் மெய்யாகவே இயற்றிய பிறப்புப் பாட்டின் இயல்பையும் ஒப்புநோக்குவது ஆயர்க்கும் இறையியல் மாணவர்க்கும் பயன் தரும்.

இப்பாட்டு ஜெர்மனியில் தோன்றியதன்று. 1880களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளில்தான் இது முதன்முதல் காணப்படுகிறது. 1883ஆம் ஆண்டு, லுத்தர் பிறந்து நானூறு ஆண்டுகள் நிறைவுற்ற ஆண்டு. அமெரிக்க லுத்தரன் சபைகள் அதனைச் சிறப்பாகக் கொண்டாடின. அக்காலச் சூழலில் சீர்திருத்தத் தந்தையின் பெயர் இச்சிறு பாட்டோடு இணைந்தது. 1887இல் ஜேம்ஸ் மரே என்பார் தாம் வெளியிட்ட சிறுவர் பாட்டுநூலில், லுத்தர் தம் மக்களுக்காக இதனை இயற்றினார் என்றும், ஜெர்மானியத் தாய்மார் இதனை இன்றும் தம் குழந்தைகளுக்குப் பாடுகின்றனர் என்றும் குறித்தார். பின்வந்த தொகுப்பாளர் பலர் அக்குறிப்பை ஆராயாமலே ஏற்றுக்கொண்டனர். இன்று பாடப்படும் மூன்றாம் சரணமோ 1892இல் அச்சேறியது. 1945இல் ரிச்சர்டு ஹில் என்னும் அமெரிக்க இசைநூல் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையே, லுத்தரின் எழுத்துகளில் இதற்கு மூலம் இல்லை என்பதைத் தெளிவாக்கியது.

அங்ஙனமாயின் லுத்தர் இயற்றிய பாட்டு யாது? 'ஃபோம் ஹிம்மெல் ஹோக்' என்பதே அது. பதினைந்து சரணங்கள் கொண்ட இப்பாட்டு 1535இல் விற்றன்பர்க் நகரில் வெளியான பாட்டுநூலில் இடம்பெற்றது. முதலில் அக்காலத்து உலகியல் பாட்டொன்றின் இராகத்தில் இது பாடப்பட்டது. 1539இல் இன்று வழங்கும் இராகத்துடன் அச்சாயிற்று. இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், 1734இல் பாக் தமது கிறிஸ்து பிறப்பு இசைக்காவியத்தில் அவ்விராகத்தைக் கையாண்டார். லுத்தர் தம் இல்லத்துப் பிள்ளைகளை மனத்திற்கொண்டே இப்பாட்டை இயற்றினார் என்பர். 1525இல் காத்தரீனாவை மணந்த அவருக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுள் எலிசபெத்து 1528இல் பச்சிளம் பருவத்திலேயே மரித்தாள். கடைசி மகளான மார்கரெத்து 1534 டிசம்பரில் பிறந்தாள். தொட்டிலும் அழுகையும் துக்கமும் நிறைந்த வீட்டிலிருந்து எழுந்த பாட்டு இது.

இப்பாட்டில் முதலில் தூதன் பேசுகிறான். மேய்ப்பர்க்கு உரைத்த நற்செய்தியைப் பாடுவோர்க்கே உரைக்கிறான். அடுத்து, பாடுவோரும் மேய்ப்பரோடு முன்னணையிடத்திற்குச் செல்கின்றனர். அதன்பின் பாடுவோன் பாலகனை நேரே விளித்துப் பேசுகிறான். அனைத்தையும் படைத்தவர் உலர்ந்த புல்லின்மேல் கிடப்பதை எண்ணி வியக்கிறான். தன் நெஞ்சத்தில் படுக்கை அமைத்துத் தங்குமாறு வேண்டுகிறான். லூக்கா இரண்டாம் அதிகாரம் இங்ஙனம் ஒரு குடும்ப ஆராதனையாகிறது.

ஈண்டு நாம் நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். லுத்தரின் பாட்டிலும் லூக்கா கூறாத எருதும் கழுதையும் உண்டு. இவை ஏசாயா 1:3ஐத் தழுவி எழுந்த பழைய மரபு. நான்காம் நூற்றாண்டின் கல்லறைப் பேழைச் சிற்பங்களிலேயே இவற்றைக் காணலாம். ஆகவே, வேதத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்தமை மட்டும் ஒரு பாட்டின் குற்றமாகாது. சேர்த்தது எதற்குத் துணைநிற்கிறது என்பதே வினா. புல்லைத் தின்னும் எருதும் கழுதையும் ஆண்டவருடைய தாழ்மையை நமக்கு உணர்த்துகின்றன. அழாத பாலகனோ, நாம் கவனமாயிராவிட்டால், அவருடைய மனிதத்தன்மையையே நம்மிடமிருந்து மறைத்துவிடக்கூடும்.

ஒரு குழந்தை விழித்தும் சிறிது நேரம் அழாதிருத்தல் இயலாததன்று. அதனை மட்டும் கொண்டு அப்பாட்டைப் பிழையான உபதேசம் எனத் தீர்த்தல் கடுமையாகும். எனினும், அழாமைதான் தெய்வீகத்தின் அடையாளம் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வாராயின், கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றமே எனக் கூறிய பண்டைத் தவறு அறியாமலே உள்ளே நுழைகிறது. அந்தியோகியாவின் இக்னேஷியு அக்கொள்கையை எதிர்த்து, கிறிஸ்து மெய்யாகவே பிறந்தார், உண்டார், பருகினார் என்று தம் நிருபத்தில் வற்புறுத்தினார். எபிரெயர் 5:7 அவருடைய பலத்த சத்தத்தையும் கண்ணீரையும் பற்றிப் பேசுகிறது. கெத்செமனேயில் கலங்கியவர் பெத்லகேமில் அழுதிருக்கமாட்டாரோ?

லுத்தரன் பாட்டு மரபு 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியபின் நம் நாட்டிலும் வேரூன்றியது. பின்வந்த பப்ரீசியு ஜெர்மானியப் பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கினார். பாட்டு என்பது சபைக்கு உபதேசம் என்பதை அம்மிஷனெரிமார் நன்கு அறிந்திருந்தனர். பிரசங்கத்தை மறக்கும் பிள்ளை பாட்டை மறப்பதில்லை. ஆதலின், திருநாட்பாட்டுகளைத் தெரிந்தெடுக்கும் ஆயர், பெரியோர் பெயர் அச்சிடப்பட்டிருப்பதை மட்டும் பாராமல், பாட்டு எதனைக் கற்பிக்கிறது என்பதையும் நோக்குவாராக. சிறுவர் விரும்பும் பாட்டைப் பறித்தல் தேவையன்று. விளக்கிப் பாடுவித்தலே தேவை.

அச்சிறுமிக்கு நாம், "அழுதிருப்பார், அம்மா, உன் வீட்டுத் தம்பியைப் போலவே அழுதிருப்பார். மரியாள் அவரை எடுத்து அணைத்திருப்பாள்" என்று விடையளித்தோம். அவள் மகிழ்ந்து, தன் இடத்திற்குச் சென்று மீண்டும் பாடினாள்.