கடலூர்க் கரையில் திருமுழுக்கும் குலமும்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை என்னும் ஊர் உளது. பரங்கி என்பது அராபியர், பாரசீகர் நாவில் வழங்கிய ‘பிரங்கி’ என்னும் சொல்லின் திரிபு. ஐரோப்பியரைப் பொதுவாகக் குறித்த அச்சொல், தமிழகக் கடற்கரையில் முதற்கண் போர்த்துக்கீசியரைக் குறித்தது. நாளடைவில் அவர்தம் சமயத்திற்கும் பெயராயிற்று. ஓர் இனத்தின் பெயர் ஒரு சமயத்தின் பெயராக மாறியபோது, அச்சமயத்தின் வாயிலாகிய திருமுழுக்கைப் பற்றியும் மயக்கங்கள் தோன்றின. அவை தோன்றிய வகையினையும், ஒரு மயக்கத்திற்குக் கண்ட மருந்தே மற்றொரு மயக்கத்திற்கு வித்தான வரலாற்றினையும், கடலூர், சிதம்பரம் பகுதிகளைச் சிறப்பாகக் கருதி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. திருமுழுக்கின் இயல்பு

தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் நீர்கொண்டு செய்யப்படும் சடங்கே திருமுழுக்கு. அதனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நீரில் தோய்த்தல் என்பது பொருள். எனினும், தொடக்கக்கால நூலாகிய ‘திதாக்கே’, ஓடும் நீரில் முழுக்குதலைச் சிறப்பாகக் கூறி, அது வாயாவிடின் தலைமீது மும்முறை நீர் வார்த்தலே அமையும் என்கிறது. சடங்கு செய்வோரின் தகுதியோ குற்றமோ அதன் பயனை மாற்றாது என்பதனைத் தொனாத்தியரை மறுத்து அகுஸ்தீனார் நிறுவினார். ஆகலின் முறையாகச் செய்யப்பெற்ற திருமுழுக்கு மீண்டும் செய்யப்படுவதில்லை என்பது கத்தோலிக்கர்க்கும் லுத்தரன் சபையார்க்கும் ஒப்ப முடிந்த கொள்கை. குழந்தைத் திருமுழுக்கை ஏலாத சபையினர் மட்டும் இதில் வேறுபடுவர்.

இவ்விலக்கணத்துள் நாடு, மொழி, குலம் என்பவற்றுக்கு இடமின்மை நோக்கத்தக்கது. திருமுழுக்குப் பெற்றோரிடையே யூதர், கிரேக்கர் என்றும் அடிமை, உரிமையாளர் என்றும் வேற்றுமை இல்லை என்பது கலாத்தியர் திருமுகத்தின் கருத்து.

2. முதல் மயக்கம்: பரங்கிக் குலம் புகுதல்

முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையினராய்த் திருமுழுக்குப் பெற்றது 1536-ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தது. கடலில் தமக்கு நேர்ந்த இடுக்கண் நீங்கப் போர்த்துக்கீசியரின் காவலை நாடியே அவர் அதனை ஏற்றனர். 1542-இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார், திருமுழுக்குப் பெற்றும் சமயக் கல்வி பெறாத மக்களையே கண்டார். காவலும் சமயமும் ஒருங்கே வந்தமையால், இரண்டும் ஒன்றென மக்கள் கருதியதில் வியப்பில்லை.

ஆயின், மயக்கத்திற்கு மக்கள் மட்டுமே காரணர் அல்லர். திருமுழுக்குப் பெற வந்தாரை நோக்கி, ‘பரங்கிக் குலம் புக விரும்புகின்றாயோ’ என்று தமிழில் வினவும் வழக்கம் குருமாரிடையே இருந்தது. கிறித்தவ நெறி என்பதற்கு ஈடாகப் ‘பரங்கிக் குலம்’ என்னும் தொடரை மொழிபெயர்ப்போர் அமைத்துவிட்டனர். ஊனுண்டு மதுவருந்துவோர் எனத் தாம் இழித்துரைத்த குலத்தில் தம்மைச் சேர்ப்பதே அச்சடங்கு என்று கேட்டோர் கொண்டனர். மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டசு பல்லாண்டு உழைத்தும் பயன் காணாமைக்கு இஃதொரு காரணமாகும்.

சடங்கில் நேரும் சிறு மாற்றமும் உயிரோடு பிணைந்து கருதப்பட்ட காலம் அது. 1597-இல் சிதம்பரத்திற்கு வந்த ஏசு சபைத் தலைவர் பிமெந்தா, செஞ்சிக் கிருஷ்ணப்ப நாயக்கர் கோவிந்தராசப் பெருமாள் திருமுன்னில் செய்த திருப்பணியை எதிர்த்துத் தில்லைக் கோயிலார் சிலர் கோபுரத்தினின்று வீழ்ந்து உயிர் துறந்ததனை எழுதியுள்ளார். இத்தகைய சூழலில், குலத்தை மாற்றுவது எனக் கருதப்பட்ட ஒரு சடங்கு எத்துணை அச்சம் விளைத்திருக்கும் என்பது கூறாமலே விளங்கும்.

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகராகிய நொபிலியார் அவ்வினாவின் பிழையை உணர்ந்து விலக்கினார். சமயத்தைச் ‘சத்திய வேதம்’ எனவும், திருமுழுக்கை ‘ஞானஸ்நானம்’ எனவும் வழங்கினார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை நாட்டு வழக்கேயன்றிச் சமய அடையாளமல்ல என அவர் கூறியதனைப் போப்பரசர் பதினைந்தாம் கிரெகரி 1623-இல் ஏற்றார்.

3. சொல்லும் பெயரும்

ஞானஸ்நானம் என்னும் சொல்லாட்சி திறமானதே. எனினும் தீர்த்தமும் தீக்கையும் பயின்ற நாட்டில் அது வேறு இரு மயக்கங்களுக்கு இடந்தந்தது. தீர்த்தமாடுதல் வேண்டும்போதெல்லாம் செய்யத்தக்கது. திருமுழுக்கோ வாழ்நாளில் ஒருமுறையே. சைவத் தீக்கை சமயம், விசேடம், நிருவாணம் எனப் படிநிலையுடையது. திருமுழுக்கில் அத்தகைய படிநிலை இல்லை. ‘ஞானம்’ என்னும் அடைமொழி, இது புறவழுக்கைக் கழுவும் குளியல் அன்று என உணர்த்த வந்ததேயாகும்.

பெயர் மாற்றமும் பரங்கியாதற்குச் சான்றென எண்ணப்பட்டது. ஆயின் அருள் என்னும் பொருள் பற்றி யோவான் அருளப்பர் ஆனார். சிறியவர் என்னும் பொருள் பற்றிப் பவுல் சின்னப்பர் ஆனார். இப்பெயர்களைத் தாங்கியோரை அயலார் எனல் பொருந்தாது. சீர்திருத்தச் சபையார் விவிலியப் பெயர்களை ஒலி மாறாது வழங்கினர். கடலூரில் பிறந்த ஆறுமுகம், சீகன்பால்கு அவ்வூரில் 1717-இல் தொடங்கிய பள்ளியில் தொடர்புற்று, 1718-இல் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். 1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்று, இந்தியச் சீர்திருத்தச் சபையின் முதல் நாட்டுக் குருவாய் விளங்கினார். பெயர் மாறிற்றே தவிர மொழியும் மக்களும் மாறவில்லை. தமிழரிடையே தமிழிற் போதித்தே அவர் 1745-இல் மறைந்தார்.

4. இரண்டாம் மயக்கம்: குலம் மாறாதெனல்

திருமுழுக்கால் ஒருவர் பரங்கிக் குலம் புகுவதில்லை என்பது நொபிலியாரின் விடை. அது சரியான விடையே. ஆனால் அதிலிருந்து, திருமுழுக்குக்குப் பின்னும் குல வேற்றுமை சபைக்குள் நிலைபெறலாம் என்னும் முடிவைப் பலர் கொண்டனர். பரங்கியாதல் வேண்டா என்பது ஒன்று. உயர்வு தாழ்வு நீங்க வேண்டா என்பது மற்றொன்று. இவ்விரண்டின் வேற்றுமை மறக்கப்பட்டதே இரண்டாம் மயக்கத்தின் தோற்றுவாய்.

இலத்தீன் முறைப்படி குரு தம் உமிழ்நீரால் திருமுழுக்குப் பெறுவோரின் செவியையும் மூக்கையும் தொடுதல் மரபு. எச்சில் என அருவருக்கப்பட்டமையால் ஏசு சபையார் இங்கு அதனை விடுத்தனர். புதுச்சேரிக்கு வந்த போப்பரசரின் தூதர் துர்நோன், 1704-ஆம் ஆண்டு ஆணையால், உமிழ்நீர்ச் சடங்கை விடலாகாது என்றார். தாழ்த்தப்பட்டோர் இல்லங்கட்குச் சென்று நோயுற்றார்க்கு அருட்கடன் ஆற்ற வேண்டும் என்றும் விதித்தார். முன்னது திருமுழுக்கின் உயிர்நிலை அன்று. நீரும் சொல்லுமே அதன் உயிர்நிலை. பின்னதோ அதன் பொருளோடு ஒன்றியது. ஆயினும் நெடுங்காலம் நிகழ்ந்த வழக்கில் இரண்டும் ஒரு தரமாகவே எண்ணப்பட்டன. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை விடுத்தபோதும், ஒடுக்கப்பட்டோர்க்கெனத் தனிக் குருமாரை அமைக்கும் ஏற்பாட்டிற்கு இடந்தரப்பட்டது.

1745 அக்டோபரில், புதுச்சேரிக் கோயிலுள் ஒடுக்கப்பட்ட குலத்துக் கிறித்தவரைப் பிரித்துநின்ற சுவர் பற்றிய பூசலை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். ஒரே திருமுழுக்குப் பெற்றோரிடையே சுவர் நின்றது. அச்சுவரைத் தகர்க்குமாறு வேண்டியவரும் திருமுழுக்குப் பெற்றோரே. அச்சடங்கின் பொருளை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

சீர்திருத்தச் சபையிலும் இதே சிக்கல் தொடர்ந்தது. சபைக்குள் சாதி அறவே ஒழிதல் வேண்டும் எனப் பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்றோர் சாதி வழக்கம் குடிமை ஒழுக்கமே என வாதித்தனர். லீப்சிக் மிஷனும் அந்நெகிழ்வையே மேற்கொண்டது. அதனை ஏலாத கார்ல் ஓக்ஸ் அம்மிஷனை விட்டு விலகி, 1861-இல் கடலூர்ப் பகுதியிலுள்ள பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் பணித்தளத்தை நிறுவினார். அதுவே பின்னர் டேனிஷ் மிஷனின் பணியாகி, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. ஆகவே அச்சபையின் தோற்றமே, திருமுழுக்கு எதனை மாற்றும் என்னும் வினாவிற்குத் தரப்பட்ட ஒரு விடை எனலாம்.

5. ஏடும் சட்டமும்

குடியரசு அமைந்தபின் இவ்வினா சட்டத்தின் களத்திற்கு வந்தது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்கட்கு உரித்தாக்கிற்று. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில், அக்குலங்களினின்று கிறித்தவராயினோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். புதுச்சேரியைச் சார்ந்த ஒரு வழக்கில், 2024 நவம்பரில், குழந்தைப் பருவத்துத் திருமுழுக்குப் பதிவையும் கோயில் வழிபாட்டையும் சான்றாகக் கொண்டு, விண்ணப்பித்தவர் கிறித்தவரே என உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

இங்கு ஒரு முரண் புலனாகிறது. சட்டத்தின் முன் திருமுழுக்கு ஒருவரது பட்டியல் சாதித் தகுதியை நீக்குகிறது. ஊராரின் ஒழுக்கத்திலோ, சில இடங்களில் கல்லறைத் தோட்டத்தின் பிரிவினையிலோ, அது குலத்தை நீக்கிற்றில்லை. இழப்பு உண்டு, விடுதலை இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் திருமுழுக்குப் பற்றிய மயக்கங்கள் அறியாமையால் மட்டும் எழுந்தன அல்ல என்பது பெறப்படும். முதல் மயக்கம் வினாவில் அமைந்த ஒரு சொல்லால் வந்தது. சொல் மாறவே அது பெரும்பாலும் தேய்ந்தது. இரண்டாவது சொல்லால் வந்ததன்று; எனவே சொல்லால் தீரவும் இல்லை. பரங்கிப்பேட்டையில் பரங்கியர் இன்றில்லை. ஊர்ப்பெயர் மட்டும் நிற்கிறது. குலத்தின் பெயரோ மக்கள்மீதே நிற்கிறது.