ஓ.ஆர்.எஸ்.ல சர்க்கரை எதுக்கு?

போன மாசம் ஒரு ரோட்டுக்கடை பரோட்டா என் வயித்துல வேலையைக் காட்டிடுச்சு. நாலாவது ட்ரிப் முடிஞ்சு மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அண்ணே, ட்ரிப்ஸ் ஏத்தினா சீக்கிரம் சரியாகுமா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டே ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை நீட்டினார். "குடிக்க முடியுதுல்ல தம்பி? இது போதும்."

அதுல இருக்கிற சர்க்கரை தெம்புக்குன்னுதான் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். தப்பு மக்களே!

சிறுகுடல் சுவர்ல ஒரு கதவு இருக்கு. பேங்க் லாக்கர் மாதிரி ரெண்டு சாவி வேணும்: சோடியம் ஒண்ணு, குளுக்கோஸ் ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தாத்தான் திறக்கும். ரெண்டும் உள்ளே போனா தண்ணீர் பின்னாலேயே போய் ரத்தத்தில் கலந்துடும். 1960-ல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை விளக்கினார்.

காலரா வந்தா குடல் உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்டிக்கிட்டே இருக்கும். வெறும் தண்ணி குடிச்சா தேறாது. ஆனா காலரா நஞ்சு அந்த ரெண்டு சாவிக் கதவை மட்டும் கெடுப்பதில்லை. 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் நோயாளிகளிடம் இதை நிரூபிச்சாங்க. இருந்தும், ஊசி வழியா ஏத்தினாத்தான் வைத்தியம்னு நினைச்ச டாக்டர்கள் நிறைய பேர் நம்பலை.

நம்ப வெச்சது 1971. வங்கதேசப் போரில் தப்பி வந்த அகதிகள் மேற்கு வங்காளத்தில் குவிந்தார்கள். எல்லையோர பன்காவ்ன் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகளுக்குத் தரையில்கூட இடமில்லை. ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துகிட்டே வந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் கலந்து பொட்டலம் போடச் சொன்னார். டிரம்ல கரைச்சு வெச்சாங்க. நோயாளிக்கு ஊட்டியது நர்ஸ் இல்லை. அம்மா, அண்ணன், சித்தப்பா. முகாம்ல 30 சதவீதம் வரை இருந்த சாவு, இந்தத் தண்ணீரைக் குடிச்சவங்க மத்தியில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அவர் 2022-ல் காலமானார். பத்ம விபூஷண் 2023-ல்தான் வந்தது. வயிற்றுப்போக்கால் குழந்தைகள் சாவது இன்னும் நிக்கலை. ரொம்ப முடியாதவங்களுக்கு ட்ரிப்ஸ் வேணும்தான். ஆனா குடிக்க முடியுற பிள்ளைக்கும் ட்ரிப்ஸ் கேட்டு வரிசையில நிக்கிறோமே, அதுதான் உறுத்துது.

நானும் அந்த வரிசையில நின்னவன்தான். மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு ஒரு நன்றி.