பேஸ்பாலில் எறிதல் அப்பியாசம்: அதன் வளர்ச்சி பற்றிய ஓர் ஆராய்ச்சி

அமெரிக்கப் பேஸ்பாலில் நேஷனல் லீக் 1884-ஆம் ஆண்டில் தோளுக்கு மேலே கையை உயர்த்தி எறிவதற்கு இருந்த தடையை நீக்கியதும், 1893-இல் எறிபவர் நிற்கும் இடம் ஹோம் பிளேட்டிலிருந்து 60 அடி 6 அங்குலத்தில் நிலைபெற்றதும் அவ்வாட்டத்தின் சரித்திரத்தில் பிரசித்தமான செய்திகள். ஆனால் அந்தத் தூரத்தைக் கடந்து பந்தைக் குறித்த இடத்தில் சேர்ப்பதற்கு எறிபவர் எவ்வாறு தம்மைத் தயார் செய்துகொண்டார் என்ற விஷயம் போதிய கவனத்தைப் பெற்றதில்லை. சார்லஸ் ராட்போர்ன் 1884-ஆம் பருவத்தில் 678 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார் என்பதைக் காணும்போது, ஆட்டமே அப்பியாசமாகவும் இருந்த காலம் அது என்று ஊகிக்கலாம். பிற்காலத்தில் ஆட்டத்தினின்றும் பிரிந்து தனிக் கிரமமாக வளர்ந்த அப்பியாசம், எறிந்த பந்துகளின் தொகையைவிட ஒவ்வோர் எறிதலும் எறிபவருக்குத் தெரிவிக்கும் செய்தியினாலேயே பயன் பெற்றது என்பது இவ்வாராய்ச்சியில் எனக்குப் புலப்பட்ட முடிவு.

புளோரிடா மாநிலத்தின் வீரோ பீச்சில் 1948-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவின் பயிற்சிக்களம் ஏற்பட்டபோது, அக்குழுவின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி அங்கே மிக எளிய சாதனம் ஒன்றை உபயோகத்துக்குக் கொண்டுவந்தார். ஹோம் பிளேட்டின் இருபுறமும் கம்பங்களை நட்டு, அவற்றின் இடையே கயிறுகளைக் கட்டி, ஸ்ட்ரைக் எல்லையைக் கண்ணுக்குப் புலனாகும் சட்டமாக்கினார். அதனுள்ளே பந்து சென்றதா, விலகியதா, எந்தக் கயிற்றை ஒட்டிச் சென்றது என்பதையெல்லாம் நடுவரின் வாய்மொழிக்குக் காத்திராமல் எறிபவரே அக்கணமே அறிந்தார். பின்னாளில் விலையுயர்ந்த கருவிகள் செய்யும் காரியத்தின் சாரம் அந்தக் கயிற்றிலேயே அடங்கியிருந்தது என்பது என் துணிபு.

அதே வீரோ பீச்சிலிருந்து 1961-ஆம் ஆண்டுப் பயிற்சிக் காலத்தில் ஆடச் சென்ற டாட்ஜர்ஸ் எறிபவர் சாண்டி கூஃபாக்ஸின் கதை, கட்டுப்பாடு என்பது வலிமையைக் கூட்டுவதால் வருவதன்று என்பதற்குச் சிறந்த உதாரணம். பந்துபிடிப்பாளர் நார்ம் ஷெர்ரி, முழுவேகத்தையும் பிரயோகிக்காமல் சற்றே தளர்த்தி எறியும்படி அவருக்கு யோசனை கூறினார். 1960-இல் 175 இன்னிங்ஸில் 100 பேரை நான்கு தவறான பந்துகளால் முதல் தளத்துக்கு நடக்கவிட்டவர், 1961-இல் 255 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தும் 96 பேரையே அவ்வாறு விட்டார். 269 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார்.

ஜானி சேன் என்ற பயிற்சியாளர் இத்துறையில் தனி வழி கண்டவர். பந்தின் நடுவே ஒரு தண்டைச் செலுத்தி அமைத்த சிறு கருவியைக் கையிற்கொண்டு, எறியாமலே பந்தைச் சுழற்றி, விரல்கள் அதற்குத் தரும் சுழற்சியை எறிபவர் உணரும்படி செய்தார். தோளுக்குச் சிரமமின்றிச் செய்யத்தக்க அப்பியாசம் இது. ஓட்டப் பயிற்சியைக் காட்டிலும் அடிக்கடி எறிவதே எறிபவருக்கு ஹிதம் என்பது அவர் கொள்கை. அவரிடம் கற்ற லியோ மஸோனி, 1990 முதல் அட்லாண்டா பிரேவ்ஸ் குழுவில் ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையே ஒருமுறைக்குப் பதில் இருமுறை, முழு வலிமையின்றி எறியச் செய்தார். மேடக்ஸ், கிளேவின், ஸ்மோல்ட்ஸ் ஆகிய எறிபவர் மூவரும் நெடுங்காலம் அந்த முறையில் நின்று விளங்கியவர்கள்.

இதற்கு இணையாகக் கல்விக்கூடங்களிலும் ஒரு சிந்தனை வளர்ந்தது. 1978-இல் கெர், பூத் என்னும் இருவர் வெளியிட்ட சோதனை ஒன்றில், சுமார் எட்டு வயதுச் சிறுவர்களில் ஒரு பிரிவினர் 3 அடித் தூரத்து இலக்கை நோக்கியே சிறு மூட்டைகளை எறிந்து பழகினர். மற்றொரு பிரிவினர் 2 அடி, 4 அடித் தூரங்களில் மாற்றி மாற்றிப் பழகினர். பிறகு 3 அடியில் பரீக்ஷித்தபோது, அந்தத் தூரத்தில் ஒருபோதும் பழகாத பிரிவினரே நன்கு எறிந்தனர். வேகப்பந்தை இருபது முறை, வளைபந்தை இருபது முறை என்று வரிசையாக எறிந்து தீர்க்கும் பழைய வழக்கத்தைவிட, பந்தின் வகையும் இலக்கின் மூலையும் முறைமாறி வரும்படி அப்பியாசத்தை அமைக்க வேண்டும் என்று கூறுவோருக்கு இச்சோதனை பலமான ஆதாரமாகிறது.

1974-ஆம் ஆண்டு விசேஷமாகக் கருதத்தக்கது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேனி லிட்வைலர், போலீஸாரின் ராடார் கருவியைக் கொண்டு பந்தின் வேகத்தை அளக்கத் தொடங்கியது அவ்வாண்டில்தான். செப்டம்பர் 25-ஆம் தேதி, டாக்டர் ஃபிராங்க் ஜோப், எறிபவர் டாமி ஜானின் முழங்கையில் சிதைந்த இணைப்புநாரைப் புதுப்பித்துக் கட்டியதும் அவ்வாண்டே. ஒன்று மற்றொன்றின் காரணம் என்று நான் சொல்லவில்லை. எனினும் வேகம் ஓர் எண்ணாகத் திரையில் தோன்றியபின், இளைஞர் பலரின் அப்பியாசம் அந்த ஓர் எண்ணை உயர்த்துவதிலேயே ஒடுங்கியது வருந்தத்தக்கது; ரிக்கியின் கயிறு எங்கே என்று கேட்டது, ராடாரோ எவ்வளவு என்று மட்டுமே கேட்கிறது.

ஆட்டப்பந்தின் எடை 5 முதல் 5¼ அவுன்ஸ். இதனினும் கனமான, இலேசான பந்துகளால் வேகம் வளர்க்கும் முறையை ஹவாயில் கூப் டெரென் ஆராய்ந்தார். பின்னர் வந்த பயிற்சிக்கூடங்கள் அதை வெகுவாகப் பரப்பின. 2018-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், பதின்வயது இளைஞர்கள் ஆறு வாரம் இத்தகைய பந்துகளால் பழகியபோது வேகம் சிறிது உயர்ந்தது. ஆனால் அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் பயிற்சியின்போதோ அடுத்த பருவத்திலோ காயமுற்றனர்.

சிறுவர்களின் கையைக் காக்கும் பொருட்டு, லிட்டில் லீக் அமைப்பு 2007-இல் இன்னிங்ஸ் கணக்கை விட்டுப் பந்துக் கணக்கை ஏற்று, 11, 12 வயதினர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியலாகாது என்று வரம்பு வகுத்தது. அந்த வரம்பு ஆட்டத்தில் எறியும் பந்துகளுக்கே உரியது. ஆட்டத்துக்கு வெளியே, மாலைதோறும் பயிற்சித் திடலில் எறியும் பந்துகளை அது எண்ணுவதில்லை, அவை முழுதும் பயிற்சியாளரின் விவேகத்துக்கே விடப்பட்டிருக்கின்றன.